வீடில்லாத முதலாளிமாரும் ஒரு விரிப்பு டெண்டரும்

1. ஒரே தபாலில் மூன்று

மூன்று டெண்டரும் ஒரே தபாலில் திரும்பி வந்தன. மூன்றையும் எழுதியவன் நான்.

மனுவும் படிவமும் எழுதிக்கொடுக்கும் இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தெரியும். ஐம்பதுகளில் டெண்டர் படிவம் என்றால் ஆங்கிலம். கல்முனையில் ஒரு புரக்டரின், அதாவது வழக்கறிஞரின், கந்தோர் விறாந்தையில் எனக்கு ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு. அரசாங்கத்துக்கு அரிசி கொடுக்கிறவர், செங்கல் கொடுக்கிறவர், கிடுகு கொடுக்கிறவர் எல்லாரும் அந்த வாங்கில்தான் வந்து இருப்பார்கள். டெண்டர் என்பது பரம இரகசியம், ஒருவருடைய விலை மற்றவருக்குத் தெரியக்கூடாது, உறையை அரக்கு வைத்து மூட வேண்டும் என்று படிவத்தின் முதற் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அரசாங்கம் அரக்கை நம்பியது. ஊர் என் வாயை நம்பியது. இரண்டில் எது உறுதியானது என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் எவருடைய விலையும் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அந்த முறை டெண்டர் ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புக்கு. நானூறு விரிப்பு. மருதமுனை ஆதம்பாவா முதலில் வந்தார். அவருக்கு ஆறு தறி. மில் துணி வந்து சேர்ந்த பிறகு நெசவுச் சாரனுக்கு ஆள் குறைந்து, மூன்று தறி சும்மா நின்றது. தறிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போக வெளியூர் வியாபாரி ஒருவர் லொறியும் பேசிவிட்டார்.

“காக்கா, இது கெடச்சாத்தான் தறி நிக்கும். இல்லாட்டி மாரிக்கு முன்னம் கழட்டிருவாங்க. ஆறு குடும்பம் அதுலதான் சோறு தின்னுது” என்றார் ஆதம்பாவா. அண்ணன் முறையில் காக்கா என்றாரே தவிர, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டைப்ரைட்டரைப் பார்த்தார்.

அடுத்த நாள் புடவைக்கடை ஹாஜியார் வந்தார். அதற்கடுத்த நாள் அவருடைய மச்சினன் வந்தார். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று என் காதில் சொன்னார்கள். மூவருக்கும் மூன்று விலை, மூன்று உறை, ஒரே டைப்ரைட்டர். அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்து கொஞ்சம் மேலே ஏறி விழும். மூன்றிலும் ஏறித்தான் விழுந்தது. அரசாங்கக் கந்தோரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் கவனித்தது வேறொன்றை.

2. பெரிய கந்தோரில்

எந்த அலுவலகம், எந்தக் கந்தோர் என்று எழுத மாட்டேன். நான் ஏறி இறங்கிய எல்லாக் கந்தோருக்கும் இது பொருந்தும்.

அங்கே தலைமை எழுத்தரான சீவ் கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. காரணம் கேட்கப் போன நான் நீட்டிய மூன்று படிவத்தையும் மேசையில் சீட்டுப்போல விரித்தார்.

“இதென்ன ஐசே கூத்து? மூண்டு பேரும் முதலாளி எண்டு எழுதியிருக்கிறீர். மூண்டு பேருக்கும் வீடில்லை, வளவில்லை. சரக்குத் தராமல் ஓடினால் அரசாங்கம் எதைப் பிடிக்கிறது?”

“வீடு இரிக்கி ஐயா. உறுதிப்பத்திரம் பெண்சாதிட பேர்ல இரிக்கி.”

“ஒருத்தனுக்கெண்டால் விளங்குது. மூண்டு பேருக்குமோ?”

“ஊரே அப்படித்தான் ஐயா. உம்மாட ஊடு மகளுக்குப் போகும். ஆம்புள கலியாணம் முடிச்சி அங்க போய் இருக்கிற.”

“சண்டை வந்தால்?”

“சண்ட வந்தா வெளிய போறது நாங்கதான்.”

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார். “நான் இருக்கிறதும் மனிசியின்ர சீதன வீட்டிலதான். ஆனால் நான் டெண்டர் போடேல்லை, பாரும். டெண்டர்காரனின்ர பேரில அசையாச் சொத்து இருக்கோணும். விதி அப்பிடி.”

மூன்றும் தள்ளுபடி. மறுபடி டெண்டர் கோரப்பட்டது. இந்த முறை டெண்டர்காரர் சாம்பிளுடன் நேரில் வரவேண்டும் என்று ஒரு வரியும் சேர்ந்திருந்தது. வீடில்லாத ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று பார்க்க விரும்பினார்கள் போலிருக்கிறது.

பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற மூன்று பெரிய மனிதர்கள் அரசாங்கக் கணக்கில் ஒண்ட இடமில்லாதவர்கள் என்ற செய்தியை, விலையை மட்டும் சொல்லாமல், நான் பஸ்ஸில் கொண்டுவந்து ஊரில் இறக்கினேன்.

3. ஹாஜியாரின் பெட்டி

ஹாஜியார் கெட்டிக்காரர். “சின்ன விசயம். ஊட்ட ஒரு மாசத்துக்கு என்ட பேருக்கு மாத்தினாச் சரி. பொறகு திருப்பி எழுதிருவன்” என்றார். புரக்டரிடம் நேரமும் பேசிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.

பின்னேரம் சந்தைக்குப் போனவர்கள் எல்லாரும் கண்டார்கள். ஹாஜியாரின் தகரப் பெட்டி கடை வாசலில் இருந்தது. பெட்டிமேல் அவருடைய தொப்பி. அடுத்த நான்கு நாள் ஹாஜியார் துணிக்கட்டுகளுக்கு நடுவில்தான் குடியிருந்தார். ஐந்தாம் நாள் டெண்டர் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். மச்சினன் பெட்டியைக் கண்ட அன்றைக்கே தன் படிவத்தை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்துவிட்டார்.

மிச்சம் ஆதம்பாவா. என்னையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். தனியாகக் கேட்கப் பயம். அவருடைய மனைவி சீனத்தும்மா கதவோரம் நின்று முழுவதையும் கேட்டார்.

“விரிப்புத்தானே கேக்கிறாங்க? அதுக்கு என்னத்துக்கு ஊட்ட ஒங்கட பேருக்கு எழுதணும்? உம்மா எனக்கு எழுதினது. நான் மகளுக்கு எழுதுவன். நடுவுல நீங்க ஆரு?”

“நான் ஒன்ட மாப்புள.”

“மாப்புள எண்டா இருங்க. ஆரு போகச் சொன்ன?”

ஆதம்பாவா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“காக்கா, கந்தோருக்கு ஊடுள்ள ஆள்தானே வேணும்? என்ட பேரப் போட்டு எழுதுங்க” என்றார் சீனத்தும்மா.

“ஊரு என்ன சொல்லும்?” என்று ஆதம்பாவா கேட்டார்.

“லொறியில தறி போனா என்ன சொல்லும்?”

பெண்ணின் பெயரில் டெண்டர் போடலாம் என்பது என் யோசனை என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இங்கே திருத்திக்கொள்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். விவரங்களை எல்லாம் ஆதம்பாவாதான் சொன்னார். கையொப்பம் மட்டும் சீனத்தும்மா, ஒவ்வொரு எழுத்தாக, அழகாக வைத்தார்.

4. கட்டம் ஏழு

டெண்டர் திறக்கிற நாளன்று சீனத்தும்மா, ஆதம்பாவா, நான் மூவரும் முதல் பஸ்ஸில் போனோம். சீனத்தும்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் ஆதம்பாவாவும் எழுந்தார். பியோன் கையை நீட்டி மறித்தான்.

“ஐயாட பேரு லிஸ்டில இல்ல. ஐயா ஆரு?”

“உள்ளுக்குப் போறவட ஆள்” என்றார் ஆதம்பாவா. பியோன் அவருக்கு வாங்கைக் காட்டினான். மொழிபெயர்க்க வேண்டுமென்று என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

உள்ளே கொழும்பிலிருந்து வந்த துரை. பக்கத்தில் நம்முடைய சீவ் கிளாக்கர். எதிர்ப் பக்கத்தில் மில் துணிக் கொம்பனி ஒன்றின் ஏஜெண்ட், கழுத்தில் டை, கையில் மூன்று வீட்டு உறுதி. மூன்றும் அவருடைய பேரில். பார்க்கவே மனிதர் நேர்மையாகத் தெரிந்தார்.

அவருடைய சாம்பிள் பால் வெள்ளை. தொட்டால் மொறுமொறுப்பு. சீனத்தும்மாவின் விரிப்பு அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

துரை எங்கள் படிவத்தைப் புரட்டினார். வீடு, இருக்கிறது. உறுதி, சரி. தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஏழாம் கட்டத்தில் நின்றார். ஆங்கிலத்தில் கேட்டார்:

“டெண்டர்காரிக்குத் தொழில் ஒன்றுமில்லை என்று இருக்கிறதே. தொழிலே இல்லாதவர் நானூறு விரிப்பை எப்படித் தருவார்? இவர் பெயருக்கு மட்டும் ஆளா? இதை அவரிடம் கேளுங்கள்.”

ஏழாம் கட்டம் தொழில். அதில் ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியவன் நான். யோசித்து எழுதவில்லை. பெண்ணின் பெயர் வந்தால் அந்தக் கட்டத்தில் என் கை அதைத்தான் எழுதும். அத்தனை வருடப் பழக்கம். அவர் சொன்னதும் பெயரை மாற்றத் தெரிந்தது, அந்த ஒரு சொல்லை மாற்றத் தோன்றவில்லை. அதற்காக இப்போது ஆறு தறியும் லொறி ஏறப்போகின்றன.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சீவ் கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளபடி சொல்லும் ஐசே” என்றார்.

“தங்கச்சி, ஒங்களுக்குத் தொழில் ஒண்டும் இல்ல எண்டு படிவத்தில எழுதியிரிக்காம். அப்ப எப்படி விரிப்புக் குடுப்பீங்க எண்டு துரை கேக்காரு.”

“ஆரு அப்படி எழுதின?”

என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற மாதிரி எங்கும் கூசி நின்றதில்லை.

“நான்தான்” என்றேன்.

சீனத்தும்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “கொஞ்சம் தண்ணி தரச் சொல்லுங்க. ஒரு கோப்பையில காணாது, சட்டியில.”

மயக்கம் வருகிறதாக்கும் என்று பியோன் ஓடிப்போய்க் கை கழுவுகிற பேசினைக் கொண்டுவந்தான். சீனத்தும்மா ஏஜெண்டின் விரிப்பை எடுத்து, ஒரு மூலையைத் தண்ணீரில் போட்டு, இரண்டு கையாலும் கசக்கிப் பிழிந்தார். பேசின் முழுக்கக் கஞ்சியாக வெளுத்தது. நனைந்த மூலையை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஜன்னல் கம்பியும் கம்பிக்கு அப்பால் நின்ற சைக்கிளும் துணிக்குள்ளால் தெரிந்தன.

தண்ணீரை மாற்றச் சொல்லித் தன்னுடைய விரிப்பையும் அதேபோல் கசக்கினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது துணி மட்டும்தான் தெரிந்தது.

“ஆஸ்பத்திரியில துணிய அவிச்சித்தானே தோய்க்கிற? அந்தத் துணி ரெண்டு மாசம் நிக்காது. இது நான் மிதிச்சி நெய்த. துரைக்கு இன்னொண்டும் சொல்லுங்க. அவரு தந்த அளவு காணாது. அவிச்சா நாலு அங்குலம் சுருங்கும். வருத்தக்காரண்ட கால் வெறும் மெத்தயில கெடக்கும். அதால நாலு அங்குலம் கூட வெச்சித்தான் நெய்திரிக்கன்.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

கஞ்சி போடுவது கொம்பனி வழக்கம் என்று ஏஜெண்ட் ஏதோ ஆரம்பித்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். தானே எழுந்து வந்து அளவுகோலால் விரிப்பை அளந்தார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“ஏழாம் கட்டத்தைத் திருத்துங்கள். பக்கத்தில் உங்கள் கையொப்பம்.”

‘இல்லை’ என்பதை வெட்டி, ‘நெசவாளி’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

5. கடிதம் வந்த நாள்

இரண்டு கிழமையில் டெண்டர் கிடைத்த கடிதம் வந்தது. அடுத்த நாள் தறி ஏற்ற வந்த லொறி வெறுமையாகத் திரும்பியது. சும்மா நின்ற மூன்று தறிக்கும் நூல் ஏறியது. ஆதம்பாவா கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தையெல்லாம் திரிந்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காட்டியபோது அது தன்னுடைய பெயர் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

என் மேசை லாச்சியில் பழைய படிவங்களின் பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. கடிதம் வந்த அன்று பகல் முழுக்க அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். நிலம் கேட்டு எழுதிய மனு, நிவாரண மனு, பிள்ளைக்குப் பள்ளிக்கூட மனு. நெல் அவித்துக் குத்தி ஊருக்கே அரிசி விற்றவள், தொழில் இல்லை. பன்பாய் இழைத்து நான்கு பிள்ளையைப் படிப்பித்த விதவை, தொழில் இல்லை. எல்லாம் என் எழுத்து, எல்லாவற்றிலும் ‘ஈ’ மேலே ஏறி விழுந்திருந்தது. அவற்றை எந்தத் துரையும் என் பக்கம் தள்ளித் திருத்தச் சொல்லப் போவதில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகு யார் வந்து வாங்கில் உட்கார்ந்தாலும் தொழில் என்ற கட்டத்தில் பேனையை மூடி வைப்பேன். “நீங்க சொல்ல வேணாம். ஊட்டில இருக்கிறவங்களக் கூட்டிவாங்க” என்பேன். பலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: படிவத்தை நிரப்ப ஆங்கிலம் போதாது. எவருடைய கை வேலை செய்கிறதென்று போய்ப் பாருங்கள்.

கடிதம் வந்த அந்த நாள் பின்னேரம் வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் வீட்டுக்கு. அவள் முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

“விரிப்பு டெண்டர் கெடச்சிட்டு” என்றேன்.

“ஆருக்கு?”

ஆதம்பாவாவுக்கு என்று சொல்ல வாய் திறந்து, நிறுத்தி, “சீனத்தும்மாவுக்கு. விரிப்பு நெய்யிறது அவதானாம்” என்றேன்.

மனைவி துழாவுகிறதை நிறுத்தாமலே சிரித்தாள். “அது ஊருக்கெல்லாம் எப்பவோ தெரியும். தெரியாம இருந்தது கந்தோருக்கும் ஒங்களுக்குந்தான்.”