சனிக்கிழமையின் பச்சைக் கட்டம்

மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கிளீனராக இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அழகுபடுத்தாதே என்று சொல்லிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மாப் வாளியைத் தொடும் முன்பே சூப்பர்வைசர் குணா கூப்பிட்டார்.

"முனியம்மாக்கா, சனிக்கிழமை சொல்லாம வேலைக்கு வராம பொந்தெங் போட்டுட்டீங்க. ரெண்டு வார்னிங் லெட்டர் ஏற்கெனவே இருக்கு. மூணாவது வந்தா காண்ட்ராக்ட்ட புதுப்பிக்க மாட்டாங்க."

அந்த இரண்டு லெட்டர் என் தப்பு. முட்டி வீங்கியபோது கிளினிக் போய் எம்.சி., டாக்டர் தரும் லீவு சீட்டு, எடுக்காமல் வீட்டில் படுத்துவிட்டேன். இது அப்படியில்லை.

"சனிக்கிழமை எனக்கு ஆஃப் சார். ரோஸ்டர்ல பச்சையா இருந்திச்சு."

யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், எங்கள் ரோஸ்டர், இணையப் பக்கமாக வரும். வாராவாரம் லிங்க்கை வாட்சாப்பில் போடுவார்கள். பட்டியலிலேயே நீளமான பெயர் என்னுடையது. அதன் பக்கத்தில் திங்களிலிருந்து கட்டங்களை எண்ணுவேன். ஆஃப் நாள் பச்சை, வேலை நாள் வெள்ளை.

குணா போன வார லிங்க்கைத் திறந்து காட்டினார். ஆறாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.

"படிக்கத் தெரியாம பாத்தா இப்படித்தான்லா. கண்ணாடி மாத்துங்க."

வேலை போவதுகூடப் பிறகுதான் உறைத்தது. என் கண்ணையே இனி நம்ப முடியாதோ என்றுதான் முதலில் பயந்தேன்.

என்னோடு வேலை செய்கிறவள் செல்வி என்று ஒருத்தி, சுங்கை ரம்பாயிலிருந்து மோட்டாரில் வருவாள். இரண்டு மாதம் முன்பு பக்கத்தைப் போனில் சேமிக்க அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: மூன்று புள்ளி, ஷேர், பிரிண்டர் படம். அந்தப் படத்தை அமுக்க மாட்டேன் என்றேன். ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் வந்து விழுந்தால் யார் திட்டு வாங்குவது?

"வராதுக்கா. சேவ் ஆஸ் பிடிஎஃப் வெச்சா பக்கம் போன்லயே ஒட்டிக்கும்."

அமுக்கினேன். டேட்டாவை நிறுத்தினேன். அப்போதும் பக்கம் திறந்தது. பேப்பரே இல்லாத பேப்பர். கோயில் திருவிழா நோட்டீஸ், பஸ் நேரம், இறால் சம்பல் செய்முறை, ரோஸ்டர், எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் செல்விக்கும் அனுப்பினேன். அவளுக்குத் தேவையா என்று கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை பயத்தில், சேமித்து வைத்தது எனக்கே மறந்துவிட்டது. அவள் பக்கத்தில் கிளவுஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, செவ்வாக்கிழமை நீங்க எனக்கு ரோஸ்டர் அனுப்பினீங்கல்ல?"

"அனுப்பினேன். பாத்தியா?"

"எங்க பாக்கறது? நீங்க அனுப்புற சம்பலையே நான் இன்னும் தொறக்கல."

இப்போது திறந்தாள். என் நீளமான பெயர். எண்ணினேன். ஆறாவது கட்டம் பச்சை. மேலே வாட்சாப் போட்ட தேதி செவ்வாய்க்கிழமை என்று செல்வி படித்துச் சொன்னாள்.

குணா அவள் போனைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மாத்தினேன்," என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு நெனச்சிட்டேன்."

"எனக்குச் சொல்லல சார்."

"ஆமாக்கா. லெட்டர் இல்ல. போய் வேலையப் பாருங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லிங்க்கைத் திறந்தால் இன்றைக்கு இருப்பதுதான் தெரியும். பிடிஎஃப் நீ பார்த்த நாளை அப்படியே பிடித்து வைத்திருக்கும். பார்த்த அன்றே சேமி. இன்னொருவருக்கும் அனுப்பி வை.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பதினொரு பேருக்குப் படிக்கத் தெரியும். வாராவாரம் அவர்களுக்கு ரோஸ்டரை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நான்தான்.