குழாய்க்குக் கேட்ட மாப்பு

எங்கள் ஊரில் மாப்புக் கேட்பது என்றால் தப்புச் செய்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. வேறு அர்த்தம் கிடையாது. அந்த ஒரு வார்த்தையில்தான் என் பத்து மாதப் பெண்ணின் உயிர் மாட்டிக்கொண்டது.

கல்யாணமாகி, கப்பலேறி, போர்ட் பிளேயருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு மேட்டில் இருந்தது. தகரக் கூரைதான், ஆனால் வாசலில் சொந்தக் குழாய். மாதாமாதம் சர்க்காருக்குத் தண்ணீர்க் காசு கட்ட வேண்டும். அவர் மரம் ஏற்றும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த வரைக்கும் கட்டினோம். ஒரு நாள் வெட்டிய மரம் உருண்டு வலது கையை நசுக்கியது. அன்றோடு கூலியும் நின்றது, தண்ணீர்க் காசு கட்டுவதும் நின்றது. பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. அந்த வருஷம் வெயிலும் முன்னாலேயே வந்துவிட்டது. குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும்.

வால்வைத் திறந்து மூடுகிறவன் ஒரு பைப்காரன், ராஞ்சிப் பக்கத்து ஆள். சாத்தம் தீவு மர மில்லில் சங்கு ஊதினால் மூடிவிடுவான். ஒரு நாள் சங்குக்கு முன்பே மூடினான். என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. நான் சும்மா இருப்பேனா?

"கட்டையில போறவனே, உன் வீட்டுக் குடமா இருந்தா மூடுவியாடா?" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம். வசவுக்கு மொழி எதற்கு? அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போனான். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றான். "மாபி கா அர்ஜி தேதோ, பஹன். நஹி தோ நல் கட் ஜாயேகா."

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மூன்றே சொல்தான் பிடிபட்டது: மாபி, அர்ஜி, கட். அதாவது நான் திட்டியதற்கு மாப்பு எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் குழாயை வெட்டுவானாம்.

"எழுதிக் குடுத்துரு புள்ள," என்றார் இவர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "நமக்குத் தண்ணிதான முக்கியம்."

"அவன் முன்னாடியே மூடுவான், நான் மாப்புக் கேக்கணுமா? நாக்கு வறண்டு செத்தாலும் கேக்க மாட்டேன்."

பத்து நாள் கழித்து வேறு இரண்டு பேர் வந்து குழாயை வெட்டிவிட்டுப் போனார்கள்.

நாக்கு வறண்டது எனக்கில்லை, பிள்ளைக்கு. பக்கத்தில் பொதுக் குழாய் கிடையாது. பள்ளத்தில் ஒரு ஊற்று இருந்தது. அங்கே இறங்கிக் கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு வருவேன். ஒரு நாள் விறகு ஈரமாக இருந்தது. காய்ச்சாமல், துணியில் வடிகட்டி மட்டும் கொடுத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கழுவத் தண்ணீர் இல்லை, துணி அலசத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காய்ச்சிய தண்ணீரை ஓயாமல் கொடு என்றார்கள். எதைக் காய்ச்சுவது? பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண் ஒரு சொம்பு கொடுத்தாள். அவளுக்கே நான்கு பிள்ளைகள். இரண்டாவது சொம்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளை அழுதது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் விட்டுப்போயிற்று.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்கு ஓடினேன். முதல் மேஜைக்கு முன்னால் விழுந்தேன். "மாபி, சாப். மாபி தேதோ."

எல்லோரும் விழித்தார்கள். பின் மேஜையிலிருந்து ஒரு தமிழ்க் கிளார்க் எழுந்து வந்தார்.

"என்ன தப்பும்மா பண்ணுன?"

"பைப்காரரைக் கட்டையில போறவனேன்னு வஞ்சிட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். "இது அந்த மாப்பு இல்லம்மா. வருமானம் இல்லாத வீட்டுக்குத் தண்ணிக் காசைச் சர்க்காரே தள்ளுபடி பண்ணுது. இந்தியில அதுக்கும் மாபின்னுதான் பேரு. ஒரு அர்ஜி குடுத்திருந்தா குழாயைத் தொட்டிருக்கவே மாட்டாங்களே."

பிறகு தள்ளுபடிப் பட்டியலைப் புரட்டினார். "உங்க வீட்டை இதுல சேக்கச் சொன்னதே அந்தப் பைப்காரன்தான். வீட்டுக்காரருக்குக் கை போச்சுன்னு அவனே வந்து சொன்னான்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே அர்ஜி எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். தான் குடிக்க வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீரை அவர் கூஜாவோடு என்னிடம் கொடுத்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றி ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டினேன். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று எங்களுக்கு நம்பிக்கை வர இன்னும் எட்டு நாள் ஆயிற்று.

அன்று சாயங்காலம் பைப்காரன் ஸ்பானரோடு வந்தான். குழாயைப் பொருத்திவிட்டு, என் குடங்கள் எல்லாம் நிறைகிற வரைக்கும் வால்வைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான்.

இப்போது அவனிடம் நிஜமாகவே மாப்புக் கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த இந்தி அந்த ஒரே சொல்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பய்யா, மாபி," என்றேன், அண்ணன் முறை வைத்து.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "ஹாங் பஹன், மில் கயா, மில் கயா," என்றான். கிடைத்துவிட்டதாம்.

நான் கேட்டது அந்த மாபி இல்லை என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.