ஆளுக்கு ஒரு மொழி

ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது அப்பாவின் வேலை போனது. அதே ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்துகொண்டார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

தொழிலாளர்கள் பல ஊர்க்காரர்கள். காப்பகத்தில் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொருவரும் பிள்ளைகளிடம் தன் மொழியில் மட்டும் பேச வேண்டும் என்று ஏற்பாடு. சோறூட்டும் ஆயாவுக்கு ஒன்று, தூங்கவைக்கும் அக்காவுக்கு ஒன்று, அப்பாவுக்குத் தமிழ். தவழும் குழந்தைகூட முகத்தைப் பார்த்து மொழியைப் பிரித்துவிடும்.

சுண்டு மட்டும் இரண்டு வயது தாண்டியும் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா ஆலையில் தையல்காரி, தமிழ்ப் பெண். கணவருக்கு வேறு மொழி.

"அண்ணே, பல மொழி பேசிக் குழப்புறோமாம், வீட்டுல திட்டுறாங்க. இனிமே அவங்கப்பா மொழி மட்டும்தான். நான் தமிழை விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க."

"அது எனக்கு அரைகுறைம்மா. கேட்டா பிள்ளை சிரிச்சிடும்."

"சிரிக்கட்டுமே. ஏதோ சத்தம் வந்தா போதும்ண்ணே."

அந்த மொழியில் "தண்ணி வேணுமா?" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். சுண்டு அவர் வாயைக் கையால் பொத்தினாள். மறுநாளும் பொத்தினாள். அதன்பின் அவளிடம் பேசாமலே வேலை பார்த்தார். வாயாடி மனிதர், திண்டாடிப்போனார்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை, தையல்காரி வாசலில் நிற்க, சுண்டு அப்பாவிடம் காலை நீட்டினாள்.

"தாத்தா, செருப்பு மாட்டி விடு."

தமிழில். பிறகு ஆயாவிடம் ஆயா மொழியில் போய்வருவதாகச் சொன்னாள். கடைசியில் அம்மாவின் சேலையை இழுத்து, தன் அப்பாவின் மொழியில், "வா, போகலாம்" என்றாள்.

தையல்காரி மண்டியிட்டாள். "கண்ணு, எங்கிட்டயும் தமிழ்ல சொல்லு."

சுண்டு அவள் வாயைப் பொத்தினாள். பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தமிழை விட்டு இடம் மாறியது அம்மாதான்.

அன்று முதல் தையல்காரி மகளிடம் தமிழிலேயே பேசினாள். பதில் மட்டும் தமிழில் வரவே இல்லை.

என் அப்பாவின் காரியத்துக்கு இருவரும் வந்தார்கள். சுண்டு இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"தாத்தாகிட்டதான் தமிழ்ல வாயடிப்பேன். இனி யார்கிட்ட பேச?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி, நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் தையல்காரி.

சுண்டு அவளிடம் தன் அப்பாவின் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"எங்கிட்ட தமிழ் பேசக் கூச்சமா இருக்காம்."

அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு நக்கல் அடித்திருப்பார்.