ஏழாவது துணி

நெல்லிக்குப்பத்து டிராக்டர் மெக்கானிக் ராஜாமணி பெற்ற ஐந்தில் மூத்தவர் தேவசகாயம். அவரும் மெக்கானிக்தான். எஞ்சினை இறக்கினாரென்றால், பழைய லுங்கியைக் கிழித்து, எஞ்சினில் திறந்திருக்கும் குழாய் வாயிலெல்லாம் அடைத்துவிடுவார். வைக்கோல் தூசி உள்ளே போகக்கூடாது. அடைத்ததை எல்லாம் திரும்ப எடுத்து, தரையில் போட்டு எண்ணாமல் சாவியைத் தொடமாட்டார்.

அந்தத் தை வெள்ளிக்கிழமை, சிதம்பரத்துக்கு மேற்கே இளவரசு வயலில், அடைத்தது ஏழு, எண்ணினால் ஆறு.

இளவரசின் அறுவடை மிஷின் ரொம்பப் பழசு. பாதி அறுப்பில் எஞ்சின் வெடித்து நின்றுபோனது. திருப்பாதிரிப்புலியூர் பழைய இரும்புக் கடையில் அதே மாடல் எஞ்சின் வாங்கிவந்து மூன்று நாளாக ஏற்றினார்கள். எட்டுக் காணி நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கிழக்கே வானம் கருகருவென்று வருகிறது. மணி பத்து இருபது, பத்தரைக்கு ராகுகாலம்.

"சாவியப் போடுங்கண்ணே!" என்று இளவரசு அவசரப்படுத்தினான்.

"துணி ஒண்ணு கொறையுதுப்பா."

"ஒரு முழத் துணிக்காவ என் நெல்லு மொளைக்கணுமா?"

தேவசகாயம் தன் மனைவி அமராவதியின் தம்பியும் உதவியாளுமான ராபர்ட்டைப் பார்த்தார்.

"நான் எடுத்தது மூணு மச்சான். சத்தியமா."

தான் எடுத்ததும் மூன்று. ஒருவேளை அடைத்ததே ஆறுதானோ? துணி உள்ளே கிடந்து எஞ்சின் இழுத்துக்கொண்டால் இதுவும் போச்சு. ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டே வந்தவர், காற்றுக் குழாயில் நின்றார். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையத்தின் திருகு மேலே பார்த்து இருந்தது. அவர் எப்போதும் கீழே பார்க்கத்தான் வைப்பார்.

"இத யாரு முடுக்கினது?"

இளவரசு முகம் செத்துப்போனது. "நீங்க அடியில போல்ட்டு போட்டுக்கினு இருந்தீங்க... நேரம் போவுதேன்னு நான்தான்..."

கழற்றினால், குழாய்க்குள் சிவப்பு லுங்கித் துணி. அதை எடுத்துத் திரும்ப மாட்டி முடிக்கையில் பத்து முப்பத்தெட்டு.

"இனிமே பன்னெண்டுக்குத்தாண்ணே," என்று இளவரசு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மிஷின் தகட்டில் டொக்கென்று ஒரு மழைத்துளி விழுந்தது.

தேங்காய்த் தட்டோடு நின்ற அவன் அம்மா கொளஞ்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மழ என்னா ராகுகாலம் பாத்துட்டா வருது? அவசரப்பட்டு துணிய உள்ள வச்சி மூடின ஆளு, இப்ப நல்ல நேரம் பாக்குறியா? தேவசகாயம், நீ போடுப்பா!"

தேவசகாயம் சாவியைத் திருப்ப, எஞ்சின் முதல் தடவை முக்கிவிட்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. இளவரசு அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, கத்தியை இறக்கி வயலுக்குள் விட்டான். தேவசகாயம் எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, தூறலில் பக்கத்திலேயே நடந்தார்.