பாலத்தில் திரை தூக்கிய ஆயா

ஜைனபு ஆயா இறந்துபோன செய்தி இன்று மாலை பள்ளி வண்டியில்தான் எனக்குக் கிடைத்தது. மாடுகளைப் பூட்டிக்கொண்டே, "ஆயா மவுத்தா பூட்டாங்கம்மா, காய்ச்சல்" என்றார் வண்டிக்கார மஸ்தான் பாய். எங்கள் வீட்டில் ஆயாவின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அத்தாவின் கட்டளை. அதனால் எல்லாரும் உறங்கிய பிறகு விளக்கைச் சிறிதாக்கி எழுதுகிறேன். யாராவது இருமினால் தாளைப் பாயின் கீழே தள்ளிவிடுகிறேன். கதீஜா, நூர்ஜஹான், படிப்பை நிறுத்தி வீட்டோடு இருக்கும் உங்களைத் தவிர, ஆயாவைப் பற்றி வேறு யாரிடம் பேசுவேன்?

மயிலாப்பூரில் பள்ளி விட்டதும் நம்மைக் கோஷா வண்டியில் ஏற்றித் திரையை இழுத்துக் கட்டுவது அவர் வேலை. அந்நிய ஆண்கள் கண்ணில் நாம் படக்கூடாது. ஆனால் அடையாற்றுப் பாலம் வந்ததும் பின்திரையைக் கையகலம் தூக்கிவிடுவார். "மூஞ்சிய நீட்டாதீங்கடி. காத்துக்குத்தான் தூக்கிக்கீறேன்" என்பார். "காத்து ஆம்பளையா, பொம்பளையா ஆயா?" என்று கதீஜா ஒருநாள் கேட்டாள். "உன் வாய எவன் அடக்குறானோ அவந்தான்டி ஆம்பள!" பாலம் முடியும்வரை சிரித்தோம்.

அந்தக் கையகலத்தில்தான் மோட்டாரையும் பார்த்தோம். பின்னால் விரைந்து வந்து, ஓரமாக நடந்த மீன்காரப் பெரியவரை அடித்து வீழ்த்தியது. ஓட்டி வந்தவன் வெள்ளைக்கார இளைஞன். இறங்கினான், பின்னால் இருந்த, மோட்டார் துடைக்கும் முனுசாமியை இழுத்துத் தன் இடத்தில் உட்காரவைத்தான். மாடுகள் மிரண்டதில் மஸ்தான் பாய்க்கு அவற்றைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர் பிழைக்கவில்லை. துரைமகன் சொன்னதைக் கோர்ட்டு நம்பியது. நம் வயதுப் பையன் முனுசாமி அழுது சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவனைச் சிறையில் அடைத்தார்கள்.

அப்பீலுக்குச் சாட்சி தேடி முனுசாமியின் வக்கீல் வந்தபோது நம் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. "கோஷாப் பொண்ணுங்களுக்குக் கோர்ட்டுல என்ன வேலை?" என்றார் அத்தா. ஆயா தனியாகப் போனார். அங்கே நடந்தது மஸ்தான் பாய் சொல்லித்தான் தெரியும்.

"மூடிய வண்டியிலிருந்து எப்படிப் பார்த்தாய்?" என்று சர்க்கார் வக்கீல் மடக்கினாராம். திரையைத் தூக்கியதாகச் சொன்னால் வேலை போய்விடும் என்பது ஆயாவுக்குத் தெரியும்.

"நான்தான் தூக்கினேன். தெனமும் தூக்குவேன். கொயந்தைங்க மூச்சு வுட வாணாமா?"

"வேறு யார் பார்த்தார்கள்?"

"எனுக்கு ரெண்டு கண்ணு கீது ஐயா. அது பத்தாதா?"

முனுசாமி விடுதலையானான். துரைமகன் அதற்குள் கப்பலேறிவிட்டான். பள்ளி ஆயாவை நீக்கியது. கடைசி நாள் இறங்கும்போது நான் அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? அந்தப் புள்ள அவங்கம்மா கையால கஞ்சி குட்ச்சிக்கினு கீறான். போ, போய்ப் படி" என்றார்.

ஆயாவின் ஜனாஸாவைச் சுமக்க முனுசாமியும் தோள் கொடுத்தானாம். இப்போது ஒரு பஸ் பட்டறையில் வேலை பழகுகிறான். மஸ்தான் பாய் இதைச் சொன்னபோது புது ஆயாவும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து பின்திரையில் ஊசி குத்தியே வைத்திருப்பவர் அவர். இன்று பாலம் வந்ததும் ஊசிகளைக் கழற்றினார். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது.

நம் பெயர்களை மறைக்க ஆயா தம் இரண்டு கண்களை மட்டும் முன்னே வைத்தார். அவர் திறந்துவைத்த அந்தக் கையகலத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பயம் போகவில்லை. இருந்தாலும் நாளை மஸ்தான் பாயிடம் இந்தத் தாளை உங்களுக்குக் கொடுத்தனுப்புவேன்.

அன்று பாலத்தில் நானும் பார்த்தேன்.

ஜமீலா.

கீழே உங்கள் பெயர்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.