தாடிக்குள் புகும் காற்று

வார்டில் குணவதிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது: மாஸ்க் போலீஸ். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் அவளுக்கு அதில் வருத்தமே இருந்திருக்காது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. காசநோய் போலக் காற்றில் பரவும் நோய் உள்ளவர்களைத் தனி அறைகளில் வைத்துப் பார்க்கும் வார்டுக்கு அவள்தான் மூத்த தாதி. சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் தொண்டை வறள ஒரே பாட்டு: கையைக் கழுவு, கவுன் போடு, என்95 மாஸ்க் போடு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஊதிப் பார், அப்புறம் கதவைத் திற. பெரிய டாக்டர் மூக்கை வெளியே விட்டபடி நுழைவார். கேட்டால், “ரெண்டு நிமிசம்தானே லா, சிஸ்டர்!” கிருமி என்ன, கடிகாரம் பார்த்துக்கொண்டா உள்ளே போகும்?

இதெல்லாம் போதாதென்று தைப்பூசம் நெருங்கியது. அவளுக்கு வலது கை மாதிரி இருந்த தாதி தனேஷ் தாடி வளர்க்க ஆரம்பித்தான். அவன் மனைவி லோகேஸ்வரிக்கு இரண்டு முறை கரு கலைந்து, இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி. அதுவரை முகத்தில் கத்தி படக் கூடாது என்று வேண்டுதல்.

சாமிக்குத் தாடி சம்மதம். என்95க்குச் சம்மதமில்லை. அது தோலோடு ஒட்டினால்தான் வேலை செய்யும். தனேஷுக்கு மாஸ்க்கைப் போட்டு, தலையில் பிளாஸ்டிக் கூடு கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தை அடித்துப் பார்த்தாள். மாஸ்க் சரியாக ஒட்டியிருந்தால் கசப்பு தெரியாது. அவன் முகம் சுளித்தது.

“கசக்குதா?”

“லேசாக்கா.”

“லேசு என்ன, கனம் என்ன? ஒண்ணு செரச்சிட்டு வா. இல்ல, காசநோய் ரூம் பக்கம் போகாத.”

“சாமி காரியம்க்கா. அத மட்டும் சொல்லாதீங்க.”

வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள் அதற்கு மேல் என்ன பேசுவது? தாடிக்காரர்கள் போடுகிற, தலையை முழுக்க மூடும் கருவி ஒன்று வாங்கித் தரச் சொல்லி மேலிடத்தைக் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். கூட ஓர் ஆள் கேட்டாள். அதற்கும் பார்க்கலாம்தான். தனேஷின் அறைகளும் அவள் தலையிலேயே விழுந்தன.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஓர் அறைக்குள் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் தடாலென்று சத்தம். அங்கே காசநோயோடு கிடந்த நாசி கண்டார் சோற்றுக்கடை முதலாளி இஸ்மாயில், யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய் விழுந்திருந்தார். கண்ணாடி வழியாகத் தனேஷ் பார்த்தான், தரையெல்லாம் ரத்தம். கவுனை மாட்டி, என்95ஐத் தாடிமேல் இழுத்துவிட்டு உள்ளே ஓடினான். தூக்கும்போது மனிதர் நேராக அவன் முகத்தில் இருமினார்.

குணவதி வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“உன்ன அந்த ரூமுக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லையா?”

“வேற யாருக்கா இருந்தா? நீங்களே சொல்லுங்க.”

யாருமில்லை. அவளை எரித்தது அதுதான். திட்டக்கூட அவளுக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள் மேலிடத்தார். நடந்ததை மேலே தெரிவித்தாள். காசநோய் தொற்றியதா என்று அவனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்தால்தான் நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் தனேஷ் மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு வந்து நின்றான். இனி அந்த அறைகளுக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது என்றான்.

“வீட்ல என்ன சொன்ன?”

“நீங்க செரைக்கச் சொல்லிட்டீங்கன்னு சொன்னேன். டெஸ்ட் முடியட்டும்கா, நானே உள்ளத சொல்லிடறேன். இப்ப சொன்னா அவ தூங்க மாட்டா.”

அந்த வாரமே லோகேஸ்வரி மாதப் பரிசோதனைக்கு வந்தவள், வார்டு வாசலுக்கே வந்துவிட்டாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. தனேஷ் பின்னாலேயே ஓடிவந்தான்.

“நீங்களும் பால்குடம் எடுக்கிறவங்கதானேக்கா? பூசம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா? என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கள மன்னிக்கவே மாட்டேன்.”

குணவதி தனேஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பாவி, இப்போதாவது வாயைத் திறக்க மாட்டானா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்கினதை அப்படியே விழுங்கினாள்.

“ஆமாம்மா. நான்தான் செரைக்கச் சொன்னேன்.”

இஸ்மாயில் அறை மணி அடித்தது. குணவதி அந்த அறை வாசலுக்குப் போய்க் கையைக் கழுவினாள், கவுன் போட்டாள், மாஸ்க்கைக் கையில் எடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அழக் கூடாது. நனைந்தால் கழற்றி எறிய வேண்டியதுதான். அவளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது. அதனால் அங்கேயே நின்று அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாஸ்க்கைப் போட்டு ஊதிப் பார்த்தாள். எங்கும் கசியவில்லை. கதவைத் திறந்தாள்.