பின்கண்ணாடியை அடைத்த மதியம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் நான். கதை கட்ட எனக்கு நேரம் கிடையாது. இது பட்டப்பகலில் நடந்தது.

மனைவிக்கு நிறைமாதம். எங்கள் தெருவுக்குக் கூப்பிட்டால் எந்த வண்டியும் வராது. அதனால்தான் அடிமாட்டு விலைக்கு அந்தப் பழைய காரை வாங்கிப் போட்டேன். மழை வந்தால் பின்கண்ணாடி ஓரமாக ஒழுகும். சீட்டெல்லாம் ஊறி நாறியது. மெக்கானிக் கேட்ட கூலியில் இன்னொரு கார் வாங்கலாம். நானே இறங்கினேன். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டேன்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். இன்னொருவர் வெளியே தண்ணீர் அடிப்பார். எங்கே சொட்டுகிறதோ அங்கே உள்ளிருப்பவர் தட்டுவார். பெயின்டர் வேலை பார்க்கும் என் மச்சினன் உள்ளே ஏறினான்.

"மாமா, என்னைக் குளிப்பாட்டிறாதீங்க."

"நீ குளிச்சு எத்தனை நாளாச்சு? பேசாம உக்காருடா."

வீட்டின் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தேன். மணி மூன்று பத்து. கார்க் கதவுகள் சாத்தியிருந்தன. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி; உள்ளே ஒன்றும் தெரியாது.

தண்ணீர் அடித்தேன்.

டொக்... டொக்... டொக்.

இடது மூலை. துடைத்துவிட்டு, ரப்பருக்கு அடியில் சிலிகான் பசையை நெருக்கி அடைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

வலது மூலை. அதையும் அடைத்தேன்.

மூன்று இருபத்தைந்து. ஹோஸை மடக்கித் தண்ணீரை நிறுத்தினேன்.

தட்டுவது நிற்கவில்லை.

மேலே... கீழே... நான் அடைத்த இடத்திலேயே... வேகவேகமாக.

"டேய், போதும்டா!"

"யாரைத் திட்டுறீங்க, மாமா?"

குரல் என் முதுகுக்குப் பின்னால்.

மச்சினன். கையில் போன். "நீங்க குழாயைத் திறக்கப் போனப்பவே போன் வந்துச்சுன்னு இறங்கிட்டேனே..."

டொக்.

அவனுக்கும் கேட்டது.

கதவைப் பிடுங்கித் திறந்தேன்.

வெறும் தகரத் தரை.

யாருமில்லை.

ஆனால் முகத்தில் மோதியது... சூடாக... நீளமாக...

ஒரு மூச்சு.

நான்காம் நாள் மனைவிக்கு வலி கண்டது. கொட்டும் மழை. வேறு வழியில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அந்தக் காரைத்தான் ஓட்டினேன். ஏனோ சாத்த மனம் வரவில்லை. தொப்பலாக நனைந்து ஆஸ்பத்திரி சேர்ந்தோம். வழியில் ஒரு சத்தம் இல்லை. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்.

அடுத்த வாரம் காரை விற்ற புரோக்கரின் சட்டையைப் பிடித்தேன். மென்று விழுங்கிச் சொன்னான்.

"மண்சரிவுல புதைஞ்ச வண்டிண்ணே. உள்ள ஒருத்தர் இருந்தார். உடம்புல ஒரு கீறல் இல்லை, காத்துதான் இல்லை. ராத்திரி முழுக்கத் தட்டிக்கிட்டே இருந்தாராம். மேல தோண்டினவங்களுக்கு நல்லாக் கேட்டுச்சாம். கண்ணாடி கண்ணுல படுறப்பதான்... நின்னுச்சாம்."